மண்டோரின் வலது பின்னங்கால்

புதிதாக மாட்டு வைத்தியத்துக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களில் இரண்டு பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்து, "ஆன்டி, உங்க அனுபவத்த கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டீர்கள். நானும் தலையாட்டிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, எனக்குத் தெரிந்த மருந்துகளில் பாதியை நீங்கள் இப்போது தொடுவதே இல்லை. மீதிப் பாதி உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. ஆகவே மருந்தைப் பற்றி எழுதி உங்கள் பொழுதை வீணாக்கப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். மருந்தை மாற்றிப் போட்ட தப்பு இல்லை. நல்ல ஆலோசனை ஒன்று சொன்னேன், அவ்வளவுதான். அதனால் பதினொரு மாடுகள் இருந்த ஒரு கொட்டகை காலியாகப் பார்த்தது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் பிரிக்பீல்ட்ஸ்காரி, பட்டணத்துப் பெண். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், மற்ற நாளெல்லாம் ரயில் சத்தம், இப்படித்தான் வளர்ந்தேன். சின்ன வயதில் மாட்டை நான் பார்த்ததே கோயில் வாசலில்தான். படித்து முடித்துக் கிள்ளானில் சொந்தமாகக் கிளினிக் வைத்தேன். காலையெல்லாம் பூனையும் நாயும் வரும். மதியத்துக்கு மேல் காப்பார் பக்கம் வண்டியை விட்டால் மாடும் ஆடும். பூனைகள்தான் எனக்குச் சோறு போட்டன. ஆனால் மனசு என்னவோ மதியத்துக்குத்தான் காத்திருக்கும்.

விஜயாவின் மாட்டுக்கொட்டகை காப்பாரில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது. அவள் கணவர் சுப்ரா லோரி ஓட்டுகிறவர். துறைமுகத்துக்கும் ஷா ஆலத்துக்கும் இடையில் பாதி வாழ்க்கை ரோட்டிலேயே போய்விடும். ஆகவே மாடுகள் முழுக்க விஜயாவின் பொறுப்பு. என்னைவிட நாலைந்து வயது சின்னவள், பேச்சு குறைவு. நாம் சொல்வதைத் தலையைச் சாய்த்துக் கேட்பாள். ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே செய்து முடிப்பாள். இந்தக் குணத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாடுகளில் மூத்ததற்கு மண்டோர் என்று பெயர். எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் மாதிரி, அது முன்னால் நடந்தால்தான் மற்ற பத்தும் நகரும். காலையில் பால் கறந்து முடித்ததும் மேய்ச்சலுக்குப் போகிற கேட்டருகே மண்டோர் போய் நிற்கும். கதவு திறந்ததும் முதல் காலை எடுத்து வைக்கும். வேறு எதுவாவது முந்தப் பார்த்தால் கொம்பால் ஒரு தட்டு விழும். ஊசி போடப் போனால் என்னைத் திரும்பிப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, "உனக்கு இங்கே என்ன வேலை" என்று கேட்கிற மாதிரியே இருக்கும். எனக்கு அதன்மேல் கொள்ளை ஆசை.

ஒரு வருஷம் தீபாவளி முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. விஜயா போன் போட்டாள்.

"டாக்டர், ராணிக்கும் சீனிக்கும் கால் நொண்டுது. நேத்துலேருந்து தீவனமும் சரியா எடுக்கல. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

போய்ப் பார்த்தேன். புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரியே இருந்தது. குளம்புக்கு மேலே இரண்டு பக்கமும் ஒரே சீராக வீக்கம், தொட்டால் சூடு. குளம்பு இரண்டும் விலகி நின்றன. நடுவில் தோல் வெடித்திருந்தது. மூக்கைப் பிடிக்க வைக்கிற அந்த நாற்றமும் இருந்தது. குளம்பு அழுகல். நாள் முழுக்கச் சேற்றிலும் மூத்திரத்திலும் ஊறினால் அந்த இடத்துத் தோல் நம் விரல் ஊறுகிற மாதிரி ஊறிவிடும். சாணத்தில் எப்போதும் இருக்கிற கிருமிக்கு ஒரு கீறல் கிடைத்தால் போதும், உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மருந்து கொடுத்தேன். நாலைந்து நாளில் இரண்டும் தேறிவிட்டன.

கிளம்பும்போது கேட்டருகே பார்த்தேன். மாடுகள் கூடி நிற்கிற இடம் பள்ளமாகி, கணுக்கால் ஆழத்துக்குச் சேறு நின்றது. நான் பக்கத்தில் இருந்த சிமெண்ட் நடைபாதையில் ரப்பர் பூட்ஸோடு நின்றுகொண்டு விரலை நீட்டினேன்.

"விஜயா, இந்த சேறு இருக்கிற வரைக்கும் இந்த நோவு திரும்பத் திரும்ப வரும். அந்தப் பள்ளத்த நிரப்பிடு. மாடு காஞ்ச தரையில நடக்கணும், தெரியுதா?"

"சரி டாக்டர், நிரப்பிடறேன்."

நான் வண்டியில் ஏறிவிட்டேன். இன்றைக்கு அதே ஆலோசனையை உங்களில் யார் சொன்னாலும் முழு மார்க் போடுவேன். அடுத்த தடவை போனபோது பள்ளம் நிரம்பி, மேலே மணல் சமமாகப் பரப்பியிருந்தது. "பலே" என்றேன். விஜயா சிரித்தாள். சாதாரணமாகச் சிரிக்கிறவள் இல்லை.

மார்கழி பிறந்தது. மழையும் விடவில்லை. மறுபடி ராணி நொண்டியது. பிறகு இன்னும் மூன்று மாடுகள். அப்புறம் மண்டோரே வலது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் மருந்து கொடுப்பேன், தேறும், இரண்டு வாரத்தில் வேறொன்று நொண்டும். மண்டோர் மட்டும் வேறு மாதிரி. மருந்து போட்டால் நாலு நாள் காலை ஊன்றும், ஐந்தாம் நாள் பழையபடி தூக்கிக்கொள்ளும். மருந்தை மாற்றினேன். அப்போதும் அதே கதைதான். மூன்று தடவை அந்தக் காலைக் கட்டித் தூக்கிப் பார்த்துவிட்டு, மூன்று தடவையும் கழுவி, புண்ணைப் பார்த்து, "அதேதான்" என்று சொல்லிக் கீழே விட்டேன்.

அந்த மாதம் கோயிலில் விடிகாலை அபிஷேகத்துக்கு விஜயாதான் பால் கொடுக்கிறவள். மருந்து போட்ட மாட்டின் பாலை நான் சொல்கிற நாள் வரைக்கும் வெளியே கொடுக்கக் கூடாது. ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"டாக்டர், சாமிக்கு ஊத்துறதுதான? அதக்கூட குடுக்கக் கூடாதா?"

"ஊத்தின பால அப்புறம் என்ன செய்றாங்க?"

கொஞ்சம் யோசித்தாள். "பிரசாதம்னு புள்ளைங்களுக்கு குடுப்பாங்க."

"அப்ப நீயே சொல்லு."

மறுநாள் நான் போனபோது, மருந்து போட்ட மாடுகளின் பாலை வாளி வாளியாகக் கொண்டுபோய்ச் செம்பனை மரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கோயிலுக்குக் குறைத்துத்தான் கொடுத்திருக்கிறாள், அங்கே பேச்சும் வாங்கியிருக்கிறாள். பால் கொட்டுவதை யாரும் பார்க்காத இடத்தில்கூட நான் சொன்னபடி செய்கிறவள் அவள். அதைக் கண்ணால் பார்த்துவிட்டும் அடுத்த வாரம் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளையே திட்டினேன்.

இன்னொரு மாடு நொண்டுகிறது என்று போன் வந்திருந்தது. அன்றைக்குக் கிளினிக்கில் ஒரு பூனை என் கையில் செத்துப்போயிருந்தது. அந்த எரிச்சலோடு வந்து இறங்கினேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், இது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

"சொன்னத ஒழுங்கா செஞ்சா இப்படி ஆகாது விஜயா. மருந்துத் தண்ணியில கால நிறுத்துறியா இல்லையா? இல்ல, நேரம் கெடைக்கிறப்ப மட்டும் செய்றியா?"

"சொன்னது எல்லாம் செஞ்சேன் டாக்டர்."

"எல்லாம் செஞ்சா ஏன்லா வருது?"

அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த "எல்லாம்" என்ற ஒரு சொல்லைப் பிடித்து, என்னென்ன செய்தாய் என்று அப்போதே கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் விஷயம் வெளியே வந்திருக்கும். நான் கேட்கவில்லை. வைத்தியம் பலிக்காதபோது, சொன்னபடி செய்யவில்லை என்று மாட்டுக்காரர் தலையில் போடுவது நமக்கு எவ்வளவு வசதி பாருங்கள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது விஜயா போன் போட்டாள். குரல் ரொம்ப நிதானமாக இருந்தது.

"டாக்டர், பொங்கல் கழிச்சு வர்ற ஞாயித்துக்கிழமை வியாபாரி வராரு. எல்லாத்தையும் குடுத்துடப் போறேன்."

"மண்டோரையுமா?"

"நொண்டி மாட்ட வளக்கவா வாங்குவாங்க? எங்க போகும்னு எனக்கு தெரியாதா டாக்டர். ஒவ்வொன்னா நொண்டுறத தெனமும் நின்னு பாக்க முடியல. என் கையி ராசியில்லாத கையி போல. மாட்டுப் பொங்கலுக்கு மட்டும் வந்துட்டுப் போங்க, கடைசித் தடவ."

கடைசித் தடவை என்றது என் நெஞ்சில் தைத்தது. பசுவை வெட்டுக்கு அனுப்புவது அவளுக்கு எப்படிப்பட்ட காரியம் என்று எனக்குத் தெரியும். அதற்கும் துணிந்துவிட்டாள் என்றால் எவ்வளவு நொந்திருப்பாள்! போதாக்குறைக்குத் தன் கைமேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள்.

மாட்டுப் பொங்கலன்று போனேன். கொட்டகை வாசலில் பொங்கல் பானை, மாடுகளின் கொம்புக்கு வர்ணம், கழுத்தில் மாலை, காலெல்லாம் மஞ்சள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. படைத்து முடித்ததும் மாடுகளைக் கேட் வழியாக வெளியே கொண்டுபோய் ஒரு சுற்று சுற்றி வருவார்கள். வீட்டு ஆட்கள் சூடத் தட்டோடு பின்னாலேயே நடப்பார்கள், செருப்பில்லாமல். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மனிதர்கள் மாட்டு வழியில் கால் வைப்பது. மற்ற நாளெல்லாம் எல்லாருக்கும் அந்தச் சிமெண்ட் நடைபாதைதான்.

"நீங்க பூட்ஸ் போட்டுக்குங்க டாக்டர். நீங்க சர்ச்சுக்கு போறவங்க, சாமி ஒன்னும் நெனைக்காது" என்றாள் விஜயா. ஒவ்வொரு வருஷமும் சொல்வாள், நானும் ஒவ்வொரு வருஷமும் பூட்ஸோடுதான் நடந்திருக்கிறேன். அந்த வருஷம் கழற்றினேன். பக்தி ஒன்றும் இல்லை. திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, பூட்ஸையாவது கழற்றுவோம் என்று தோன்றியது.

சுப்ரா கேட்டைத் திறந்தார். வழக்கம்போல மண்டோர் முன்னால் வந்தது, நொண்டிக்கொண்டு. கேட்டுக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டது. தலையைக் குனிந்து தரையை முகர்ந்தது. மழையில் மணலெல்லாம் கரைந்துபோய் மறுபடியும் சேறாகத்தான் இருந்தது.

"கால் வலி டாக்டர், பாவம்" என்றார் சுப்ரா. விஜயா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நான் மண்டோரின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, "வா தாயி" என்று முன்னால் நடந்தேன். இரண்டாவது அடியில் என் இடது பாதத்தில் சுரீர் என்றது. அலறிவிட்டேன். காலைத் தூக்கிப் பார்த்தால், குதிகாலுக்கு முன்னால் ஒரு துண்டு டைல் செருகிக்கொண்டு நின்றது. வெள்ளை டைல், ஓரத்தில் நீலப் பூ. குளியலறைச் சுவரில் ஒட்டுவார்களே, அது.

அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பட்டுச் சேலையோடு அப்படியே குனிந்து சேற்றுக்குள் கையை விட்டேன். கைக்கு வந்ததெல்லாம் டைல். உடைந்த செங்கல். கழுவுதொட்டியின் ஒரு மூலை. மேலே மணலும் சேறும் மூடியிருக்க, கூரெல்லாம் மேல்நோக்கி நின்றன. பதினொரு மாடுகளும் தினமும் இரண்டு வேளை இதன்மேல் கூடி நின்று, மிதித்து, குளம்பு விரியத் திரும்பியிருக்கின்றன.

"இது என்ன விஜயா?"

"நீங்கதான டாக்டர் நிரப்பச் சொன்னீங்க."

சுப்ரா பதறிப்போய்ச் சொன்னார். "ஷா ஆலத்துல ஒரு வீட்ட ஒடைச்சி ரெனோவேஷன் பண்ணாங்க டாக்டர். கொட்ட எடமில்லனு லோரி நெறைய வெச்சிருந்தாங்க. இங்க பள்ளம் இருக்கே, நல்லதா போச்சுனு நான்தான் கொண்டாந்தேன். மேல மணல் போட்டு சமமாத்தான் வெச்சேன்."

அவர் செய்ததில் என்ன தப்பு? இந்தப் பக்கத்தில் வீட்டு முன்வாசல் பள்ளத்தை எல்லாரும் இப்படித்தான் நிரப்புகிறார்கள். லோரி ஏறினாலும் அசையாது. நிரப்பு என்றேன், நிரப்பினார்கள். எதால் நிரப்பப் போகிறாய் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மணலைப் பார்த்துப் பலே போட்டேன். ஈரத்தைத் துரத்துவதாக நினைத்து, ஒவ்வொரு மாட்டின் காலிலும் கிருமிக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறேன்.

கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் என்னை உட்கார வைத்து, மாட்டுக்குக் கரைத்து வைத்திருந்த மஞ்சள் தண்ணீரில் விஜயா என் காலைக் கழுவினாள். எல்லாரும் சுற்றி நின்றார்கள். அப்போதுதான் என் வாய் திறந்தது.

"விஜயா, ஒன் கையில ஒரு குத்தமும் இல்ல. என் வாயிலதான். பாதி சொல்லிட்டுப் போயிட்டேன். அப்புறம் ஒன்னையே வேற திட்டுனேன். மன்னிச்சிரும்மா."

அவள் நிமிரவே இல்லை. காலைத் துடைத்துவிட்டு, "ஆடாம இருங்க டாக்டர், ரத்தம் நிக்கல" என்றாள். அவ்வளவுதான். மன்னித்தாளா இல்லையா என்று தெரியாமலே வீட்டுக்கு வந்தேன்.

வீக்கம், சூடு, சிவப்பு, வலி. அழற்சியின் அடையாளங்கள் நாலையும் நீங்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். நானும்தான் செய்தேன். ஆனால் எனக்கு அது புரிந்தது வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், என் சொந்த இடது காலில். மறுநாள் காலையில் பாதம் பன் மாதிரி உப்பியிருந்தது. கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் வைத்ததும் உச்சந்தலை வரைக்கும் விண்ணென்றது. உள்ளே யாரோ அடுப்பு மூட்டின மாதிரி சூடு. காலை உணவைப் பார்த்தாலே பிடிக்கவில்லை. உதவிக்கு வந்தவர்கள்மேல் எரிந்து விழுந்தேன். மண்டோர் தீவனத்தை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டதும், பால் இறக்காமல் அடக்கிக்கொண்டதும், கிட்டே போனால் உதைக்க வந்ததும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. "மண்டோருக்குக் குணம் கெட்டுப்போச்சு" என்று நான் அதன் சிகிச்சை அட்டையில் எழுதி வைத்திருந்தேன்! அதற்கு வலித்தது, அவ்வளவுதான்.

மனிதர்களுக்குப் பார்க்கிற டாக்டர் ஒருவரிடம் போனேன். அவர் காலைத் திருப்பிப் பார்த்து, அமுக்கினார். நான் கத்தினேன்.

"ஆன்டி, உள்ள இன்னொரு துண்டு இருக்கு. அத எடுக்காம மருந்து மட்டும் குடுத்தா நாலு நாள் நல்லா இருக்கும், அப்புறம் திரும்ப வீங்கும்."

நாலு நாள் என்று அவர் சொன்னதும் நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மண்டோரின் கால் அப்படியேதான் செய்துகொண்டிருந்தது. உடம்பு பாவம், உள்ளே வந்ததை வெளியே தள்ளத்தான் ரத்தத்தைக் கூட்டி, வீங்கி, சூடேறிப் போராடுகிறது. நான் வெளியிலிருந்து மருந்தை மட்டும் அனுப்பிக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. டாக்டர் எடுத்துக் காட்டிய துண்டு பூசணி விதை அளவுதான் இருந்தது. கட்டுப் போட்டு முடித்ததும், வீட்டுக்குப் போகாமல் ஒரு வாடகைக் காரைப் பிடித்து, கிளினிக்கில் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு காப்பாருக்குப் போனேன். கிளட்சை மிதிக்கிற நிலையில் நான் இல்லை.

என்னைப் பார்த்ததும் விஜயா ஓடிவந்தாள். ஆனால் நான் விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"மறுபடியும் கட்டித் தூக்கணுமா டாக்டர்? மூனு தடவ தூக்கியாச்சு. போறதுக்கு முந்தி அத நிம்மதியா விடக்கூடாதா?"

என் பழைய பழக்கம் என்றால், "நிச்சயம் இருக்கு, எடுத்துடறேன்" என்று சொல்லியிருப்பேன். தைரியமாகப் பேசினால் மாட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள், நமக்கு அது தெரியும். ஆனால் ஒரு தடவை நான் தைரியமாகப் பேசிய பேச்சால்தான் இந்த நிலைமை.

"இருக்கும்னு எனக்குத் தோணுது விஜயா. உறுதியா தெரியல. இல்லாமலும் போகலாம். இல்லனா, அதுக்கு வலி குடுத்ததுதான் மிச்சம். இந்தத் தடவ மரத்துப்போக ஊசி போட்டுட்டுத்தான் தொடுவேன். நீ வேணாம்னா நான் திரும்பிப் போயிடறேன்."

அவள் மண்டோரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள்.

"பாருங்க" என்றாள். "ஆனா நான் எந்த வாக்கும் குடுக்க மாட்டேன். ஞாயித்துக்கிழம வியாபாரி வருவாரு."

மண்டோரை மரச்சட்டத்துக்குள் நிறுத்தி, சுப்ரா கயிற்றால் காலைத் தூக்கிக் கட்டினார். மரத்துப்போகிற வரைக்கும் காத்திருந்தேன். குளம்பு இடுக்கில் சதை வளர்ந்து மூடியிருந்தது. முன்பெல்லாம் அதைப் பார்த்துப் புண் ஆறுகிறது என்று எண்ணிக்கொண்டேன். இந்தத் தடவை அதை விலக்கிக்கொண்டு முன்பக்கமாக உள்ளே போனேன். சீழ் வந்தது. இன்னும் கொஞ்சம் போனேன். வேர்வை கண்ணில் இறங்கியது, என் கால் வேறு தெறித்தது. இல்லையோ என்று நினைத்த நேரத்தில் இடுக்கியின் முனையில் 'டிக்' என்று ஒரு சத்தம்.

வெளியே எடுத்து விஜயாவின் உள்ளங்கையில் வைத்தேன். கழுவிப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது, ஓரத்தில் நீலம். அவள் அழுதுவிட்டாள். நானும்தான். சுப்ரா கயிற்றைப் பிடித்தபடி, "யாராச்சும் ஒருத்தர் என்ன பாருங்கலா, கை விட்டுப்போவுது" என்று கத்தின பிறகுதான் இரண்டு பேரும் சுயநினைவுக்கு வந்தோம்.

அன்று மாலையே சுப்ரா கேட்டடியைத் தோண்ட ஆரம்பித்தார். இரண்டு நாள் லீவு போட்டு, கடைசித் துண்டு வரைக்கும் அள்ளினார். நான் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அள்ளியதைக் கிளறிக் கிளறிப் பார்த்தேன். இந்தத் தடவை எதால் என்று உட்கார்ந்து பேசினோம். அடியில் தண்ணீர் ஓட வாய்க்கால், அதன்மேல் கழுவின ஆற்று மணல். மணல் மழையில் மறுபடி கரைந்துவிடுமே என்று விஜயா கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். துறைமுகத்தில் சாமான் ஏற்றுகிற கன்வேயர் பட்டையின் பழைய ரப்பர் கிடைக்கும் என்று சுப்ராதான் சொன்னார். விரல் தடிமன் ரப்பர். கொண்டுவந்து விரித்து, ஆணி எதுவும் அடிக்காமல் ஓரங்களை மண்ணுக்குள் புதைத்தோம். பிறகு நான் கட்டுப் போடாத காலாலும் விஜயா இரண்டு காலாலும் அதன்மேல் செருப்பில்லாமல் ஒவ்வொரு அடியாகத் தடவித் தடவி நடந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குப் போகாமல் காப்பாருக்குப் போனேன். வியாபாரியின் லோரி வந்து நின்றிருந்தது. நல்ல மனிதர்தான், மாட்டை அடிக்க மாட்டார், அதட்டக்கூட மாட்டார். கையில் வெற்றிலை மடித்துக்கொண்டு, "பெரிய மாட்ட மொதல்ல ஏத்திடலாமா அக்கா?" என்றார்.

விஜயா அவருக்கு வாக்குக் கொடுத்தவள், வாக்கை மீறுகிறவளும் இல்லை. அவள் மெதுவாகப் போய், லோரிப் பக்கத்துக் கதவைத் தொடாமல், மேய்ச்சல் பக்கத்துக் கேட்டைத் திறந்தாள்.

மண்டோர் வந்தது. பழைய இடத்தில் நின்றது. குனிந்து ரப்பரை முகர்ந்தது. வலது பின்னங்கால் இன்னும் முழுசாகத் தேறவில்லை, நுனிதான் தரையில் பட்டுக்கொண்டிருந்தது. முன்னங்காலை எடுத்து ரப்பர்மேல் வைத்தது, எடுத்துக்கொண்டது. மறுபடி வைத்தது. பின்னால் ராணி முந்தப் பார்த்தது. சட்டென்று திரும்பிக் கொம்பால் ஒரு தட்டு! அந்தத் தட்டைப் பார்த்து ஒரு மாதமாகியிருந்தது. பிறகு மண்டோர் நடந்தது. நொண்டிக்கொண்டுதான், ஆனால் நாலு காலையும் ஊன்றி, கேட்டைத் தாண்டிப் புல்லுக்குப் போனது. பத்தும் வரிசையாகப் பின்னால் போயின.

வியாபாரி வெற்றிலையை வாயில் போட மறந்து நின்றார். "அக்கா, இதையா தேறாதுனு சொன்னீங்க?"

"அது கால பாத்துக்கிட்டு இருக்கோம் அண்ணே" என்றாள் விஜயா. "ஒங்கள வீணா அலைய வெச்சிட்டேன், மன்னிச்சிக்குங்க. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். காப்பி குடித்துவிட்டு, வெறும் லோரியை ஓட்டிக்கொண்டு போனார்.

லோரிச் சத்தம் அடங்கின பிறகு விஜயா எனக்கும் ஒரு கிளாஸ் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அதே வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"சரி, அடுத்து என்ன செய்யணும் டாக்டர்?" என்றாள். கண்ணில் ஒரு குறும்பு. "எதால செய்யணும்னும் சேத்தே சொல்லுங்க."

காப்பி ஆறிப்போகிற வரைக்கும் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் எதால் என்று சேர்த்தே சொன்னேன்.